கொரோனாவில் ராணுவ மருத்துவர்கள்: அவர்கள் செய்ததும் நாம் கற்க வேண்டியதும்



2021 மே மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது நமது அறக்கட்டளையிடம் பத்து ஆக்சிஜன் சிலிண்டர்கள் இருந்தன. எல்லாம் நீங்கள் தந்த நன்கொடையில் வாங்கியவை. ஒருநாள் இஷாவுக்குப் பின் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பெரியவருக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் இடமில்லை, அவசரமாக ஒரு சிலிண்டர் வேண்டும் என்றார்கள். நம் வாலிபர்கள் பத்து நிமிடத்தில் சிலிண்டரைக் கொண்டு சேர்த்துவிட்டார்கள். ஆனால் அதில் மாட்டுகிற ரெகுலேட்டர் இல்லை. எங்களிடம் இருந்த மூன்றும் வேறு வீடுகளில் இருந்தன. எந்த வீட்டில் எது இருக்கிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு வீடாகத் தட்டி எழுப்பிக் கேட்டு, ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுபோனபோது ஃபஜ்ருடைய பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. பெரியவர் அதற்கு முன்பே வபாத்தாகியிருந்தார்.

அந்தக் குடும்பத்தார் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆயுள் அல்லாஹ்வின் கையில் என்பது நம் ஈமான். அதைச் சொல்லி எங்கள் தவறை நாங்கள் மறைக்க முடியாது. பணம் இருந்தது, பொருள் இருந்தது, ஓடியாடி வேலை செய்ய ஆட்களும் இருந்தார்கள். இருந்தும் அந்த இரவு உதவ முடியவில்லை.

ராணுவ மருத்துவப் பிரிவில் நர்ஸிங் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நம் மஹல்லாவில் இருக்கிறார். எல்லோரும் அவரை "பட்டாளத்து பாய்" என்றே அழைப்போம். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சாமான் எல்லாம் இருந்துச்சு பாய். பட்டியலும், சரிபார்த்த தேதியும்தான் இல்ல. பட்டாளத்துல மருந்துப் பெட்டியோட பட்டியலும் கூடவே இருக்கும். சண்டை இல்லாத நாள்லதான் அதைத் திறந்து திறந்து எண்ணுவோம்."

அந்த வார்த்தை எங்களை யோசிக்க வைத்தது. கொரோனா காலத்தில் ராணுவம் ஆஸ்பத்திரி கட்டியது, கப்பல் அனுப்பியது என்று செய்தியில் பார்த்தோம். அவர்கள் எப்படிச் செய்தார்கள், எது அவர்களால் முடியும், எது முடியாது என்பதை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நல்லது என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இவர்கள் யார்?

நம் நாட்டில் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்குமான மருத்துவப் பணி ஒரே தலைமை இயக்குநரின் கீழ் "ஆயுதப்படை மருத்துவ சேவை" என்ற பெயரில் இயங்குகிறது. மருத்துவர்கள், பல் மருத்துவர்கள், செவிலியர், நர்ஸிங் உதவியாளர்கள் எல்லோரும் இதில் அடக்கம். ராணுவ மருத்துவப் படை 1943ல் உருவானது. ராணுவ நர்ஸிங் சேவை அதைவிடப் பழையது. 1888ல் கப்பலில் பம்பாய் வந்திறங்கிய ஒரு சிறு செவிலியர் குழுதான் அதன் தொடக்கம். இன்றும் அது முழுக்கப் பெண்களைக் கொண்ட பிரிவு. சென்னையிலும் நீலகிரியின் வெலிங்டனிலும் ராணுவ மருத்துவமனைகள் இருக்கின்றன.

போர்க்களத்தில் இவர்களின் வேலை ஒரு சங்கிலி போன்றது. அடிபட்டவருக்குக் களத்திலேயே முதலுதவி, அங்கிருந்து பின்னால் உள்ள சிகிச்சை முகாம், அங்கிருந்து கள மருத்துவமனை, பிறகு பெரிய மருத்துவமனை. யாரை முதலில் அனுப்புவது, யார் சற்று நேரம் காத்திருக்கலாம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் தரம் பிரிப்பார்கள். வெறும் மைதானத்தில் கூடாரம் அடித்து, மின்சாரமும் தண்ணீரும் கொண்டுவந்து, மருத்துவமனை நடத்தவும் பயிற்சி பெற்றவர்கள். கொள்ளை நோய் வரும்போது ஒரு நாட்டுக்குத் தேவைப்படுவதும் பெரும்பாலும் இவைதான்.

படையும் நோயும்: பழைய உறவு

படைக்கும் தொற்றுநோய்க்கும் உள்ள உறவு மிகப் பழையது. நம் வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு. ஹிஜ்ரி 18ல், அதாவது கி.பி. 639 வாக்கில், ஷாம் தேசத்தில் அம்வாஸ் என்ற ஊரை ஒட்டிக் கொள்ளை நோய் பரவியது. அப்போது அங்கே முஸ்லிம்களின் படை தங்கியிருந்தது. ஷாமை நோக்கி வந்துகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்ற இடத்தில் செய்தியறிந்து, ஆலோசனை கேட்டு, மதீனாவுக்குத் திரும்பினார்கள். படைத்தலைவர் அபூ உபைதா (ரலி), பிறகு முஆத் இப்னு ஜபல் (ரலி) இருவரும் அந்த நோயில் வபாத்தானார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து போகச் செய்தார்கள். கூட்டத்தைக் கலைத்து நோயின் வழியை அடைத்த அந்த நடவடிக்கையைத்தான் இன்று சமூக இடைவெளி என்கிறோம்.

படையே நோயைச் சுமந்து வந்ததும் உண்டு. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டான 1918ல், படைவீரர்களை ஏற்றிய கப்பல்கள் வந்துபோன பம்பாய் துறைமுகம் வழியாகத்தான் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்தது. இங்கே இறந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். நெருக்கமாகத் தங்கும், ஊர் ஊராகப் போகும் படையில் நோய் வேகமாகப் பரவும். தன் ஆட்களைக் காப்பாற்றவே படை மருத்துவம் சுகாதாரத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதற்கான முக்கிய ஆதாரத்தை 1897ல் செகந்திராபாத்தில் கண்டறிந்த ரொனால்ட் ராஸ் ஒரு படை மருத்துவர்தான். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்தவர் அவர்.

முதல் வேலை: பிரித்து வைப்பது

2020 பிப்ரவரி முதல் இரண்டு நாட்களில் இரண்டு ஏர் இந்தியா விமானங்கள் சீனாவின் வூஹான் நகரிலிருந்து 647 இந்தியர்களையும் 7 மாலத்தீவினரையும் அழைத்து வந்தன. பெரும்பாலோர் மாணவர்கள். ஒரு பகுதியினர் டெல்லிக்கு அருகே மானேசரில் ராணுவம் அமைத்த முகாமுக்குப் போனார்கள். நம் ஊர்களில் தனிமைப்படுத்தல் என்ற சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லை.

மானேசரில் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தங்குமிடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் 50 பேர் என்று வைத்தார்கள். ஒரு பகுதியில் இருப்பவர் இன்னொரு பகுதிக்குப் போகக் கூடாது. 14 நாள், தினமும் மருத்துவப் பரிசோதனை. அறிகுறி தெரிந்தவரைத் தனி இடத்துக்கு மாற்றினார்கள். ஒருவருக்கு நோய் இருந்தாலும் அது எல்லோருக்கும் போகாமல் அவருடைய சிறு வட்டத்துக்குள் நின்றுவிடும் என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சுவரும், பட்டியலும், சொன்னதைக் கடைப்பிடிக்கும் ஒழுங்கும் போதும்.

அதே மாதக் கடைசியில் விமானப்படையின் சி-17 விமானம் வூஹானுக்கு 15 டன் மருத்துவப் பொருட்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, 76 இந்தியர்களும் 36 வெளிநாட்டவரும் ஆக 112 பேரோடு திரும்பியது. மார்ச் 10 அன்று இன்னொரு சி-17 ஈரானில் சிக்கியிருந்த 58 யாத்ரீகர்களை அழைத்து வந்தது. அதன்பின் ஈரானிலிருந்து வந்த மாணவர்களும் யாத்ரீகர்களும் இருநூறுக்கும் மேற்பட்டோர் ராஜஸ்தானின் ஜெய்சல்மரில் ராணுவ முகாமில் தங்க வைக்கப்பட்டார்கள்.

நம் கடற்கரைக்கும் இந்தப் பணி வந்து சேர்ந்தது. 2020 மே மாதம் கடற்படை "சமுத்திர சேது" என்ற பெயரில் கப்பல்களை அனுப்பியது. ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கொழும்பிலிருந்து 685 பேரையும், மாலத்தீவிலிருந்து 700 பேரையும் ஜூன் மாதத்தில் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. ஜூலை 1ல் அதே கப்பல் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேரோடு தூத்துக்குடி வந்தது. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு மீனவர்கள். மாதக்கணக்கில் வேலையும் கூலியும் இல்லாமல் அங்கே தவித்தவர்கள். மொத்தம் நான்கு கப்பல்களில் 3,992 பேர் ஊர் திரும்பினார்கள். கப்பலுக்குள்ளும் மானேசர் முறைதான். பயணிகள் இருக்குமிடம் வேறு, கப்பல் ஊழியர் இருக்குமிடம் வேறு, நோய் அறிகுறி உள்ளவருக்கு ஒதுக்கிய இடம் வேறு.

இரண்டாம் அலை: ஆளும் மூச்சும்

டெல்லி கண்டோன்மென்ட் பகுதியில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 12 நாட்களில் 1,000 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையை எழுப்பியது. அதில் 250 தீவிர சிகிச்சைப் படுக்கைகள். 2020 ஜூலையில் திறக்கப்பட்டது. சிகிச்சை இலவசம். 12 நாட்களில் கட்டடம் வந்தது எல்லோரையும் வியக்க வைத்தது. ஆனால் கட்டடமும் கட்டிலும் மட்டும் மருத்துவமனை ஆகிவிடாது. அங்கே நின்று வேலை செய்ய மருத்துவரும் செவிலியரும் வேண்டும். அவர்களை ஆயுதப்படை மருத்துவ சேவை பல ஊர்களிலிருந்து கூட்டி அனுப்பியது. தொற்று குறைந்தபின் மூடப்பட்ட அந்த மருத்துவமனை, இரண்டாம் அலை அடித்தபோது 2021 ஏப்ரல் 19ல் மீண்டும் திறந்தது. அஹமதாபாத், லக்னோ, வாரணாசி போன்ற ஊர்களிலும் இதுபோல் அமைத்தார்கள்.

ஆள் பற்றாக்குறையை எப்படிச் சமாளித்தார்கள்? குறுகிய காலப் பணியில் இருந்த மருத்துவர்களுக்கு 2021 டிசம்பர் 31 வரை நீட்டிப்புத் தந்தார்கள். இதனால் 238 மருத்துவர்கள் வெளியேறாமல் கிடைத்தார்கள். 2017க்குப் பின் பணி முடித்துப் போன மருத்துவர்களில் 400 பேரை 11 மாத ஒப்பந்தத்தில் திரும்ப அழைக்க ஏற்பாடு செய்தார்கள். போர்க்கள நர்ஸிங் உதவிக்குப் பயிற்சி பெற்ற சிப்பாய்களைக் கொரோனா வார்டுகளுக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெற்றவர் யார், எங்கே இருக்கிறார், என்ன படித்திருக்கிறார் என்ற பதிவு கையில் இருந்ததால்தான் இது முடிந்தது.

அடுத்தது ஆக்சிஜன். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி குளிரில் இருப்பது. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் 800 லிட்டருக்கும் மேல் வாயுவாகும். அது அருகில் இருந்தால் சிறு பொறியும் பெருந்தீயாகும். எனவே நிரப்பிய டேங்கரை விமானத்தில் ஏற்றுவது ஆபத்து. விமானப்படை என்ன செய்தது என்றால், காலி டேங்கர்களை விமானத்தில் ஏற்றிக் கிழக்கு மாநிலங்களுக்குக் கொண்டுபோய் இறக்கியது. அங்குள்ள எஃகு ஆலைகளில் ஆக்சிஜன் உற்பத்தி உண்டு. அங்கே நிரப்பியபின் டேங்கர்கள் ரயிலிலும் சாலையிலும் திரும்பின. போகும் பயணத்தில் நாள் கணக்கு மணிக் கணக்காகக் குறைந்தது. ஐ.என்.எஸ். தல்வார் பஹ்ரைனிலிருந்து 54 டன் திரவ ஆக்சிஜனை 2021 மே 5ல் மங்களூருவில் இறக்கியது. அதற்கு முந்தைய நாள் பிரிட்டனிலிருந்து 450 சிலிண்டர்கள் சி-17 விமானத்தில் சென்னை வந்து சேர்ந்தன.

கேட்டால் வியப்பாக இருக்கும், நம் தென் மாவட்டத்து சிப்பிப்பாறை நாய்க்கும் இதில் பங்கு உண்டு. வியர்வை, சிறுநீர் மாதிரிகளை மோந்து கொரோனாவைக் கண்டறிய ராணுவ கால்நடைப் பிரிவு பயிற்சி தந்த நாய்களில் ஜெயா, மணி என்ற இரண்டு சிப்பிப்பாறை நாய்கள். 2021 பிப்ரவரியில் டெல்லியில் அவற்றைக் காட்டினார்கள்.

அவர்களால் முடியாதது

இவ்வளவும் படித்தபின் "எல்லாவற்றையும் ராணுவத்திடமே கொடுத்துவிடலாமே" என்று தோன்றும். தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் அன்று பலர் அப்படித்தான் பேசினார்கள். அது சரியல்ல.

நாட்டில் பதிவு பெற்ற அலோபதி மருத்துவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். ராணுவ மருத்துவர்கள் சில ஆயிரம் பேர்தான். எல்லைக் காவலில் இருக்கும் படையை விட்டுவிட்டும் அவர்கள் வர முடியாது. அவர்களிலும் பலருக்குத் தொற்று வந்தது. அவர்கள் சில பெரிய ஊர்களில் சில ஆயிரம் படுக்கைகளைத் தாங்கினார்கள். மற்ற ஊர்களில் பாரத்தைச் சுமந்தது அரசு மருத்துவமனை மருத்துவரும், கிராமச் சுகாதாரச் செவிலியரும், தூய்மைப் பணியாளரும், ஆம்புலன்ஸ் ஓட்டுநரும்தான். ராணுவ மருத்துவம் அவசர காலத்தில் முட்டுக் கொடுக்கும் தூண். அன்றாடம் வீட்டைத் தாங்க வேண்டிய சுவர் ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு ஆஸ்பத்திரியும். சுவரைப் பலப்படுத்தாமல் முட்டுக் கம்பை மட்டும் நம்பினால் வீடு நிற்காது.

முடிவு யார் கையில்?

நம் நாட்டு முறைப்படி பேரிடரில் ராணுவம் தானாக வந்து பொறுப்பை எடுத்துக்கொள்வதில்லை. சிவில் நிர்வாகம் கேட்டால் உதவிக்கு வரும். வேலை முடிந்ததும் திரும்பிப் போகும். எங்கே முகாம், யாருக்கு என்ன விதி என்பதை முடிவு செய்வது மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசு.

இது ஏன் முக்கியம் என்பதை இலங்கை நமக்குக் காட்டியது. அங்கே கோவிட் தடுப்புக்கான தேசிய செயல்பாட்டு மையத்துக்கு ராணுவத் தளபதி சவேந்திர சில்வாவே தலைவரானார். தனிமைப்படுத்தும் முகாம்களை ராணுவம் நடத்தியது. அந்த வேலை வேகமாக நடந்ததை மறுக்க முடியாது. ஆனால் 2020 ஏப்ரலில் சுகாதார அமைச்சு, கோவிட்டில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று விதி போட்டது. அடக்கம் செய்வதற்குத் தடையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இருந்தும் சுமார் பத்து மாதம் நம் சகோதரர்களின் மய்யித்துகளும், அடக்கத்தை விரும்பிய கிறிஸ்தவர்களின் உடல்களும் எரிக்கப்பட்டன. 2021 பிப்ரவரி இறுதியில் விதி மாறியது. அதன்பின் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. மய்யித்துகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்து அடக்கத்தை மேற்பார்வை செய்ததும் ராணுவம்தான்.

எரிக்கும் விதியை எழுதியது ராணுவம் அல்ல. ஆனால் சீருடை அணிந்தவர் தனக்குத் தரப்பட்ட விதியை நிறைவேற்றுவார். விதி அறிவியலுக்கும் மனிதருக்கும் பொருந்துகிறதா என்று கேட்க வேண்டியது மருத்துவர்களும், மக்கள் பிரதிநிதிகளும், நம் போன்ற அமைப்புகளும்தான். அந்தக் கேள்வியை நோய் வந்தபின் தேடிக்கொண்டிருக்காமல் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

நம் மஹல்லாவுக்கு என்ன?

நம்மால் 12 நாளில் ஆஸ்பத்திரி கட்ட முடியாது, கப்பல் அனுப்பவும் முடியாது. ஆனால் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்ற பட்டியல், யார் என்ன செய்வது என்ற பொறுப்பு, அமைதியான நாளில் ஒத்திகை, இந்த மூன்றும் நம்மாலும் முடியும். பட்டாளத்து பாயின் வழிகாட்டலில் நமது அறக்கட்டளை பின்வரும் ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது.

ஒன்று, அறக்கட்டளையில் உள்ள சிலிண்டர், ரெகுலேட்டர், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி எல்லாவற்றுக்கும் எண் போட்டுப் பதிவேடு வைத்திருக்கிறோம். வாங்கிச் செல்பவர் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு மாதமும் எண்ணிப் பார்த்துத் தேதி எழுதுகிறோம்.

இரண்டு, தெருவுக்கு இருவர் பொறுப்பு. ஒருவர் ஆண், ஒருவர் பெண். தனியே வாழும் முதியோர், சர்க்கரை, இதய நோய், டயாலிசிஸ் உள்ளவர்கள் பற்றிய விவரம் அவர்களிடம் மட்டும் இருக்கும். வெளியே போகாது. விவரம் தருவது உங்கள் விருப்பம்.

மூன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை. இரவில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எத்தனை நிமிடத்தில் முழுச் சாமானும் போய்ச் சேர்கிறது என்று பார்ப்போம். முதல் ஒத்திகையில் 50 நிமிடம் ஆனது. இரண்டாவதில் 20 நிமிடம். இன்ஷா அல்லாஹ் இன்னும் குறையும்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளைகளிடம் புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியைப் பற்றியும் சொல்லுங்கள். நீட் தேர்வு எழுதியவர்கள் விண்ணப்பிக்கலாம். மாணவிகளுக்கும் இடம் உண்டு. படித்தபின் படையில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. ராணுவ நர்ஸிங் கல்லூரிகளில் பெண்களுக்கான பி.எஸ்சி. நர்ஸிங் படிப்புக்கும் இப்போது நீட் மதிப்பெண்தான் அடிப்படை. கொரோனா காலத்தில் முப்படைகளின் ஒருங்கிணைந்த தலைமையகத்தில் மருத்துவப் பொறுப்பில் இருந்த லெப்டினன்ட் ஜெனரல் மாதுரி கனித்கர் அந்தப் புனே கல்லூரியில் படித்த குழந்தை மருத்துவர்தான். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் அந்தப் படியில் ஏறலாம். விவரம் வேண்டுவோர் அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பிக்க உதவுகிறோம்.

அடுத்த ஒத்திகைக்கு இன்னும் எட்டு வாலிபர்களும் நான்கு பெண்களும் தேவை. விருப்பமுள்ளவர்கள் ஜுமுஆவுக்குப் பின் பெயர் தரலாம். அலுவலகக் கதவுக்குப் பின்புறம் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். இன்று நம்மிடம் ஏழு ரெகுலேட்டர்கள், ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. வரும்போது பாருங்கள். எழுதியதில் தவறு இருந்தால் சொல்லுங்கள்.